மலை முழுவதும் வெயிலுகந்தான்

1

திருநெல்வேலிப் பக்கத்தில் இதை வாசிக்கிற நீங்கள் அயல்நாடு என்றதும் கப்பலை நினைப்பீர்கள். எங்களுக்குக் கப்பல் வாய்க்கவில்லை. கம்பத்திலிருந்து மேலே ஏறும் பாதையில், குமுளிச் சுங்கச் சவுக்கையில் மூட்டையைப் பிரித்துக் காட்டிவிட்டு நடந்தால், அந்தப் பக்கம் வேறு ராஜா, வேறு காசு, வேறு எழுத்து. ஏழு வயதில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படி நாடு மாறியவள் நான். ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்து, மிஷனாரின் தயவில் இப்போது சமவெளியிலுள்ள ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். விடுமுறை வந்தால் மறுபடியும் மலை.

என் அக்கா எஸ்தருக்குக் கல்யாணமாகிப் போன வாரத்தோடு ஓராண்டு நிறைந்தது. அந்த வாரத்திலேயே எங்கள் ஆங்கில ஆசிரியை வருகைப் பதிவை முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "மிஸ் வெயிலுகந்தான், உங்கள் குடும்பம் மிகவும் பெரியதாமே?" என்று கேட்டார். மலைக்குப் போய்வந்த அவருடைய சிநேகிதி சொன்னாராம். "ஆம், அம்மா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சரியான பதிலைச் சொல்ல ஒரு பாடவேளை போதாது. ஆகவே அதை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

ஊரில் எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. இல்லையே என்று எவரும் வருந்தியதுமில்லை. எங்கள் தெருவில் மூன்று எஸ்தர்கள் இருந்தார்கள். ஒருத்தி கிணற்றடி எஸ்தர், ஒருத்தி நெட்டை எஸ்தர், மூன்றாமவள் என் அக்கா. தபால்காரர் உட்பட யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

தோட்டத்துக்கு வந்த அன்று முதன்முதலாகக் கேட்கப்பட்ட கேள்வி, "யாரு ஆளு?" என்பது. எந்தக் கங்காணி உங்களை ஊரிலிருந்து கூட்டிவந்தார் என்பது அதன் பொருள். அதற்குப் பதில் இல்லாதவனுக்கு இங்கே வேலையுமில்லை, படுக்க இடமுமில்லை. எங்களைக் கூட்டிவந்தவர் வெயிலுகந்தான் கங்காணி. வெயிலை விரும்பியவர் என்று பெயர். வந்து சேர்ந்ததோ ஆண்டில் பாதி நாள் மஞ்சு இறங்கிக் கிடக்கும் இந்த மலைக்கு. அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர்; அவருடைய ஆட்களில் பாதிப் பேரோ எங்களைப் போல வேதக்காரர்கள், ஞாயிறு கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். அவருக்கு அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

மிஷன் பள்ளியில் என்னைச் சேர்த்தபோது வெள்ளைக்கார அம்மையார், "குடும்பப் பெயர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குடும்பப் பெயர் என்ற ஒன்றை அறியாத கோயில் உபதேசியார் தமக்குத் தெரிந்த வகையில் அதைத் தமிழாக்கினார்: "யாரு ஆளுன்னு கேக்காவ, சொல்லும்."

அப்பா தயங்கவே இல்லை. "வெயிலுகந்தான் ஆளு" என்றார்.

எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவரும் அதையே சொல்லியிருந்தார். பின்னால் நின்றவரும் அதையே சொன்னார்.

3

ஒரு பெயர் ஆங்கில வாக்கியத்துக்குள் நுழைந்தால் அதற்கு என்னவெல்லாம் நேரும் என்பதை நான் புத்தகங்களில் கற்கவில்லை. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் வாயால் கற்றேன். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், "இன்றைக்கு நான்கு வெயிலுகந்தான்கள் குறைகிறார்கள்" என்பார். துரைசாணி விருந்தாளிகளிடம், "எங்கள் சமையலறைக்கு ஒரு வெயிலுகந்தான் வாய்த்திருக்கிறாள், மிகவும் சுத்தமானவள்" என்பார். ஒருமுறை பங்களா நாய் யாரையோ கடித்துவிட்டது. துரை மருத்துவருக்கு ஆளனுப்பினார்: "நாய் ஒரு வெயிலுகந்தானைக் கடித்துவிட்டது. எந்த வெயிலுகந்தான் என்பது இன்னும் தெரியவில்லை. நாய் நலம்."

பிறகு அந்தப் பெயர் ஓர் அளவையாகவும் ஆயிற்று. பாதையில் ஒரு பாறை உருண்டு விழுந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரை குதிரையிலிருந்து இறங்கி அதைச் சுற்றிப் பார்த்தார். "இதை நகர்த்த எத்தனை வெயிலுகந்தான் வேண்டும்?"

"எட்டு" என்றார் எங்கள் துரை. "மழையென்றால் பத்து."

அவருடைய ஆங்கிலத்தில் ஏளனம் இல்லை. அரிசிக்குப் படி என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

திருவிதாங்கூர் அரசாங்கமும் தன் பங்குக்கு விடவில்லை. பள்ளிக்கூடப் பார்வைக்கு வந்த மலையாள உத்தியோகஸ்தர் ஒருவர் எங்கள் லயத்துக்கு வந்தார். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் ஒற்றை அறைகள். அவர் அம்மாவிடம், "வீட்டுப்பேரு எந்தா?" என்றார்.

"வீடு இருந்தால்லா பேரு வைக்க?" என்றாள் அம்மா. "இது நாலாம் நம்பரு."

அவர் 'நாலாம் நம்பர் வெயிலுகந்தான்' என்று எழுதிக்கொண்டு போனார். லயத்துப் பிள்ளைகளோ இதையெல்லாம் இயல்பென்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பெயரைக் கேட்டால் முதலில் கங்காணி பெயரைச் சொல்லி, வற்புறுத்தினால் மட்டுமே சொந்தப் பெயரைச் சொல்லுகிற ஒரு தலைமுறை இங்கே வளர்கிறது. ஊரில் தாத்தா பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள்.

4

அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளை தேவதாஸ். கவ்வாத்து வெட்டுவதில், அதாவது தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துவிடும் வேலையில், கை தேர்ந்தவர். அவரும் வெயிலுகந்தான் ஆள்தான். எங்களுக்கும் அவர்களுக்கும் ஊர் வேறு, ஆறு வேறு; பெண் கேட்டு வரும்வரை உறவென்று எதுவும் கிடையாது.

அந்தச் சமயத்தில் எங்கள் லயத்தில் ஓர் அறை காலியானது. தேவதாஸ் தாயோடும் அண்ணன் குடும்பத்தோடும் ஒரே அறையில் அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே படுத்திருந்தவர். அறை கல்யாணமானவர்களுக்கு மட்டுமே உண்டு. ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் முடியாவிட்டால் அறை வேறொரு ஜோடிக்குப் போய்விடும் என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். அடுத்த அறை எப்போது காலியாகும் என்பதை யாரும் வாய்விட்டுப் பேச விரும்பவில்லை. யாராவது சாக வேண்டும், அல்லது ஓட வேண்டும்.

கோயிலுக்கு அப்போதுதான் சீமையிலிருந்து புது ஐயர் வந்திருந்தார். வெள்ளைக்காரக் குருமாரை நாம் ஐயர் என்று அழைப்பது உங்களுக்குத் தெரியும். இளைஞர், நல்லவர், எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற எண்ணமுடையவர். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபையில் ஓலை வாசிக்க வேண்டுமல்லவா? முதல் ஞாயிறன்று எழுந்து நின்று வாசித்தார்: "தேவதாஸ் வெயிலுகந்தானுக்கும் எஸ்தர் வெயிலுகந்தானுக்கும்..."

அங்கேயே நின்றுவிட்டார். காகிதத்தை மறுபடி பார்த்தார். சுவரில், யார் யாரைக் கல்யாணம் செய்யக் கூடாது என்று எழுதித் தொங்கவிட்டிருந்த பலகையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "இந்தக் கல்யாணத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம்" என்று சபையைக் கேட்க வேண்டிய இடம் அது. சபை வாய் திறக்குமுன், தமக்கே ஒரு தடை தெரிகிறது என்று அறிவித்தார்.

5

விடுமுறையில் வந்திருந்த என்னை அழைத்தார்கள். நான் மொழிபெயர்ப்பாளர், பெண்ணின் தங்கை என்பதால் நம்பிக்கைக்கு உரியவள் அல்ல என்றாலும், வேறு ஆளில்லை.

"எங்கள் நாட்டில் சாதாரணப் பெயர் என்றால் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள்" என்றார் ஐயர். "ஆனால் அபூர்வமான பெயருள்ள இருவரைக் கண்டால், சந்தேகமே வேண்டாம், இருவரும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள். இதைப் போன்ற அபூர்வமான பெயரை நான் கேட்டதே இல்லை."

"அது குடும்பப் பெயர் அல்ல, ஐயரே. எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தவருடைய பெயர்."

"கூட்டிவந்தவர் என்றால்?"

"முன்பணம் கொடுத்து அழைத்து வருவார். இருக்க இடம் காட்டுவார். காய்ச்சல் கண்டால் மருந்துக்கு அனுப்புவார். வேலைக்குப் போகாவிட்டால் திட்டுவார்."

அவர் என்னைக் கனிவோடு பார்த்தார். "தகப்பன் வேறு என்ன செய்வான்?"

நேரில் விசாரித்துவிடுவது என்று தீர்மானித்து என்னையும் அழைத்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். தேவதாஸின் தாயார் பாக்கியத்தம்மாள் முறத்தோடு வாசலில் இருந்தார். பையனும் பெண்ணும் நெருக்கமான குடும்பமா என்று ஐயர் கேட்கச் சொன்னார். சம்பந்தத்தின் பெருமையைச் சொல்லக் கேட்கிறார் என்று அந்த அம்மாள் எண்ணிக்கொண்டார்.

"நெருக்கமில்லாமலா? ஒரே சட்டியில தின்னு வளந்ததுக ஐயரே! இவனுக்குக் காய்ச்சல்னா அவ அழுவா. நாங்க எல்லாரும் ஒத்த ஆளுகதான். பிரிச்சுப் பாக்கவே மாட்டோம்."

நான் துல்லியமாக மொழிபெயர்த்தேன். எனக்குப் பயிற்சி அப்படி. ஐயர் முகம் வெளுத்தது.

"என்னளா, ஐயருக்கு மயக்கம் வருதோ?" என்றார் பாக்கியத்தம்மாள். "ஒரு வாய் கருப்பட்டித் தண்ணி தரட்டா?"

சாட்சி சொல்ல அடுத்த வாசலிலிருந்து ஒருவர் வந்தார். உங்கள் பெயர் என்ன என்று ஐயர் கேட்டார். சவரிமுத்து வெயிலுகந்தான். அவருக்குப் பின்னால் வந்தவர் ஞானமணி வெயிலுகந்தான். பிறகு வந்தவர்களிடம் ஐயர் பெயர் கேட்பதை நிறுத்திவிட்டார். மாலையில் திரும்பும் வழியில் என்னிடம், இந்த வீட்டுக்குத் தலைவரான அந்த மனிதரே கோயிலுக்கு வந்து, இவ்விருவரும் தம்முடையவர்கள் அல்ல என்று சபை முன்னால் சொல்லிவிட்டால் போதும், மற்றவர்களைப் பற்றித் தாம் எதுவும் கேட்கப் போவதில்லை என்றார்.

6

எளிய வேலை என்று எண்ணித்தான் நானும் அக்காவும் கங்காணியிடம் போனோம். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பருகே இருந்தார்.

"எம் ஆளு இல்லன்னு நான் சொல்லணுமாக்கும்?"

"புள்ளைக இல்லன்னு சொன்னாப் போதும், கங்காணியாரே" என்றேன்.

"எனக்குப் புள்ள கெடையாதுன்னு மலைக்கே தெரியும். அதக் கோயில்ல நின்னு வேற சொல்லணுமோ?" அவர் கொள்ளியை உள்ளே தள்ளினார். "சரி, அத விடு. 'என்னோடவுக இல்ல'ன்னு தானே சொல்லச் சொல்லுதாரு? சாமிக்குச் சொன்னா சாமியோட போயிரும். முன்பெஞ்சுல தொர உக்காந்திருக்காருல்லா?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. கங்காணி ஒருவரைத் தம் ஆள் அல்ல என்று துரை காதுபடச் சொல்லிவிட்டால், அதற்குத் தோட்டத்தில் ஒரே பொருள்தான்: துண்டு கொடுத்தாயிற்று. துண்டு என்பது விடுதலைச் சீட்டு. அது கையில் வந்த அன்றே அறையும் போகும், வேலையும் போகும். கல்யாணம் ஆகாவிட்டால் அறை இல்லை. கல்யாணத்துக்காக அந்த வார்த்தையைச் சொன்னாலும் அறை இல்லை. என் பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு பெயர் இருக்கக்கூடும். அக்கா பெயர் எதையும் தேடவில்லை.

"அப்ப அவுகள மட்டும் நாச்சிமுத்து கங்காணிட்ட அனுப்புங்க" என்றாள், தேவதாஸை மனத்தில் வைத்து. "அவரு ஆளாயிட்டா அவுக பேரு நாச்சிமுத்துன்னு ஆயிரும். நான் இங்கனயே இருக்கேன், அறையும் எனக்குன்னு இருக்கட்டும். ஐயரு ரெண்டு பேரு வாசிச்சாருன்னா முடிஞ்சுதுல்லா?"

கங்காணி கொள்ளியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, இந்தப் புத்தி உன் தங்கச்சிக்கு எதுக்கு வரல? அவளயில்லா படிக்க வச்சாவ?"

நாச்சிமுத்து கங்காணி பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டிலிருந்து ஆள் கட்டி வந்தவர், கீழ்லயம் அவருடையது. கவ்வாத்துக் காலத்தில் ஆள் போதாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். எங்கள் கங்காணி அவரிடம், "கல்யாணம் முடியுத வரைக்கும் கடனாத்தான் குடுக்கேன், பாத்துக்கிடும்" என்றார்.

"அதுக்கென்னங்க கங்காணி, ஒறவுக்குள்ள போயி கடனுன்னு சொல்லிக்கிட்டு! பையன் நம்மூட்டுப் பையனாட்டம் இருந்துட்டுப் போறானுங்க" என்றார் நாச்சிமுத்து.

7

அடுத்த ஞாயிறு முதல் ஓலை புதிதாகத் தொடங்கியது. "தேவதாஸ் நாச்சிமுத்துவுக்கும் எஸ்தர் வெயிலுகந்தானுக்கும்..." அதே தேவதாஸ், அதே கோட்டு, அதே பெஞ்சு. ஐயர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தடை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டார். எல்லாம் அறிந்த நாங்கள் எல்லாரும் மௌனமாக இருந்தோம்.

ஆராதனை முடிந்ததும் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, "முன்பு வந்த அந்த மற்றத் தேவதாஸ் மனம் வருந்தவில்லையே?" என்று என்னைக் கொண்டு கேட்டார்.

"இல்லன்னு சொல்லு" என்றார் தேவதாஸ். "அவனுக்கும் சந்தோசம்தான்."

லெந்துக்கு முந்திய வாரத்தில் கல்யாணம் நடந்தது. கங்காணி தலைப்பாகையோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுந்தபோது எழுந்து, உட்கார்ந்தபோது உட்கார்ந்தார். கையெழுத்துப் போட்டு முடிந்ததும் ஐயர் அக்காவை, "மிஸஸ் நாச்சிமுத்து" என்று வாழ்த்தினார். பெண்ணானவள் புருஷனுடைய பெயரை ஏற்பது அவர்கள் வழக்கம். அதை நான் பத்து நாவல்களில் படித்திருக்கிறேன். இருந்தும் எங்கள் திட்டத்தில் அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

துரைக்குத் தோன்றியது. திங்கட்கிழமை பெரட்டில் எஸ்தர் என்ற பெயர் கீழ்லயத்து வரிசையில் வாசிக்கப்பட்டது.

8

கடன் முடிந்ததும் எங்கள் கங்காணி ஆளைக் கேட்டுப் போனார். நாச்சிமுத்து வெற்றிலை கொடுத்து உபசரித்தார், ஆளைக் கொடுக்கவில்லை.

"அதெப்படீங்க? கோயில்ல வெச்சு, தொரைக்கு முன்னால, சாமி சாட்சியா எம்பேரச் சொல்லிப் போட்டாங்க. நாங் குடுக்கறேன்னாலும் அது செல்லுங்களா? அதுமில்லாம அந்தப் பையன் கத்தி புடிக்கற அழகு இருக்குதே, கண்ணு பட்டுப் போகுமுங்க. இப்பப் போயி ஜோடியா இழந்து போட்டு நான் என்னங்க பண்ணுவேன்?"

கணக்கப்பிள்ளை சட்டம் பேசுகிறவர். நாச்சிமுத்து ஆட்களுக்கு வெயிலுகந்தான் லயத்தில் இடமில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். கீழ்லயத்திலோ புதிய ஜோடிக்கு அறை கிடையாது. எந்த அறைக்காக இத்தனையும் நடந்ததோ, அந்த அறையில் அக்கா புதுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, ஏற்றுவதா மூட்டை கட்டுவதா என்று தெரியாமல் நின்றாள்.

என் அப்பா அதிகம் பேசாதவர். கவ்வாத்தில் தேவதாஸுக்கு முன்பிருந்தே பேர் எடுத்தவர் அவர்தான். அன்று சாயங்காலம் கத்தியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு நாச்சிமுத்து வீட்டுக்குப் போனார். "ஜோடிக்கு ஜோடி" என்றாராம். "நானும் எம் பொண்டாட்டியும் வாரோம். நாங்க ரெண்டு பேரும் கீழ்லயத்துல யாரு கூடயாவது ஒதுங்கிக்கிடுதோம், தனி அறை வேண்டாம். சின்னஞ்சிறிசுகள விட்டுரும்."

மறுநாள் காலை நாங்கள் எல்லாரும் கணக்கப்பிள்ளையின் மேசை முன்னால் நின்றோம். ஆள் மாறுவதற்குப் பழைய கங்காணி வாய்திறந்து சொல்ல வேண்டும்; அதுதான் முறை. கணக்கப்பிள்ளை பேனாவை மையில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். அந்த வார்த்தையைத்தான் ஐயருக்குச் சொல்ல மாட்டேன் என்று எங்கள் கங்காணி அடுப்பருகே மறுத்திருந்தார். இப்போது எஸ்தரின் அறைக்காகச் சொல்லியாக வேண்டும். அவர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஊரிலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு மலை ஏறியபோது, நடக்க மாட்டாமல் அழுத என்னைத் தோளில் தூக்கியவர் அவர்.

"கங்காணி, சொல்லும். நேரமாச்சு" என்றார் கணக்கப்பிள்ளை.

அப்பா ஓர் அடி முன்னால் வந்தார். "அவரு எதுக்குச் சொல்லணும்? நான் சொல்லுதேன். நான் வெயிலுகந்தான் ஆளு இல்ல."

"முறை அப்படியில்ல..."

"நான்தான் போறேன். அவரு விடல. அப்படி எழுதிக்கிடும்."

கணக்கப்பிள்ளை எழுதினார். அக்காவும் அத்தானும் அந்தக் கணமே மறுபடி வெயிலுகந்தான்கள் ஆனார்கள். பின்னர் இதைக் கேள்விப்பட்ட ஐயருக்கு எந்தக் கலக்கமும் இல்லை. புருஷனுக்கும் மனைவிக்கும் ஒரே பெயர் இருப்பதுதானே ஒழுங்கு? கல்யாணத்துக்கு முன்னால் பாவமாக இருந்தது, பின்னால் மரியாதையாகிவிட்டது. "மிஸ்டர் அண்ட் மிஸஸ் வெயிலுகந்தான்" என்று அவர்களை ஆண்டு முழுவதும் வாய் நிறைய அழைத்து வருகிறார்.

மேசையை விட்டு நகரும்போது கணக்கப்பிள்ளைக்கு என் நினைவு வந்தது. "இந்தப் படிக்கிற பிள்ளை? தாயும் தகப்பனும் நாச்சிமுத்து. இவளையும் கீழே எழுதிவிடட்டுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்திலும் தமிழிலும் நான் அறிந்திருந்தேன். எதில் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அதுவரை குரல் வராமல் நின்ற கங்காணிக்கு அப்போது குரல் வந்தது. பெரட்டுக்களத்தில் கூப்பிடும் அதே பெரிய குரல்.

"அவ என்ன கொழுந்தா எடுக்கா, நீரு கீழ எழுத? ஒரு இலை கிள்ளத் தெரியாது அவளுக்கு. நாச்சிமுத்துக்கு அவளால என்ன லாபம்?" அவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். "அவ எம் ஆளு. அப்படியே கெடக்கட்டும்."